பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் நிணநீர்க் கணுக்கள்: வேலூர் வட்டாரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிப்போர்ட்டில் "0/14" என்று போட்டிருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

வெட்டியெடுத்த குடலோடு சேர்ந்து வந்த கொழுப்பில் 14 நிணநீர்க் கணுக்கள் கிடைத்தன, நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றில் ஒன்றிலும் புற்றுச் செல்கள் இல்லை என்று பொருள். "3/14" என்று இருந்தால் பதினான்கில் மூன்றில் புற்று பரவியிருக்கிறது. முதல் எண் பரவலைச் சொல்கிறது, இரண்டாம் எண் தேடல் எவ்வளவு நடந்தது என்பதைச் சொல்கிறது. வீட்டார் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள் அல்லது கலங்கிப்போகிறார்கள். இரண்டாம் எண்ணையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில் எழுதப்படுகிறது. நான்கு கணுக்களை மட்டும் பார்த்து நான்கிலும் இல்லை என்பதும், 24 கணுக்களைப் பார்த்து ஒன்றிலும் இல்லை என்பதும் ஒரே அளவு நம்பிக்கை தரும் செய்திகள் அல்ல.

கட்டி குடலில்தானே இருக்கிறது? கணுக்களை ஏன் எடுக்க வேண்டும்?

கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறது என்று நாம் சொல்வது இதே வகைக் கணுக்களைத்தான். உடலெங்கும் ஏறத்தாழ 600 கணுக்கள் இருக்கின்றன. பெருங்குடலுக்கு உரியவை, குடலுக்கு இரத்தக் குழாய்களைக் கொண்டுவரும் கொழுப்பு மடிப்புக்குள் பதிந்திருக்கின்றன. குடல் சுவரை ஒட்டி ஒரு வரிசை, இரத்தக் குழாயின் நடுவழியில் ஒரு வரிசை, அந்தக் குழாய் மூலத் தமனியிலிருந்து பிரியும் இடத்தில் ஒரு வரிசை என்று அவை அமைந்துள்ளன. கட்டியிலிருந்து பிரியும் செல்கள் பெரும்பாலும் இந்த வழியிலேயே உள்நோக்கி நகர்கின்றன. சில சமயம் அருகில் உள்ள வரிசையைத் தாண்டி நடுவரிசையில் முதலில் தென்படுவதும் உண்டு. அதனால்தான், கட்டியை மட்டும் கிள்ளி எடுக்காமல், அதற்கு இரத்தம் தரும் குழாயையும் அதைச் சூழ்ந்த கொழுப்பு மடிப்பையும் குடலோடு ஒரே துண்டாக எடுக்கிறார்கள்.

இதனால் இரண்டு பயன்கள் உண்டு. கணுவுக்குள் ஒளிந்திருக்கக்கூடிய புற்று உடலைவிட்டு அகற்றப்படுகிறது. நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியவருகிறது. பின்னதுதான் அறுவைக்குப் பிறகு கீமோதெரபி வேண்டுமா வேண்டாமா என்ற முடிவின் அடித்தளம்.

12 என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

1990இல் சிட்னியில் கூடிய உலக இரைப்பைக் குடல் மருத்துவ மாநாட்டுக்கான நிபுணர் குழு, குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்த பிறகே "பரவவில்லை" என்று சொல்வது நல்லது என்று பரிந்துரைத்தது. பின்னர் அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் அதை ஏற்றுக்கொண்டன. மருத்துவமனைகளின் தரத்தை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றாகவும் அது ஆயிற்று.

ஆனால் 11 என்றால் தோல்வி, 12 என்றால் வெற்றி என்று உடல் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. கணுக்களின் எண்ணிக்கை கூடக்கூட "பரவவில்லை" என்ற சொல்லின் மேல் உள்ள ஐயம் படிப்படியாகக் குறைகிறது, அவ்வளவுதான். 12 என்பது குறைந்தபட்ச எல்லை. அதைத் தொட்டவுடன் தேடலை நிறுத்திவிடலாம் என்ற பொருளில் அதை யாரும் வகுக்கவில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு 9 கணுக்கள்தான் கிடைத்தன. அதே வார்டில் இருந்த ஓர் இளைஞருக்கு 31. ஒரே மருத்துவமனையில் இவ்வளவு வித்தியாசம் எப்படி?

வீட்டார் முதலில் சந்தேகப்படுவது அறுவை செய்த மருத்துவரின் கையை. அது ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்பே நோயாளியின் உடலும் கட்டியின் இயல்பும் எண்ணைப் பெரிதும் தீர்மானித்துவிடுகின்றன.

வயது முதலாவது. வயது ஏற ஏறக் கணுக்கள் சுருங்குகின்றன, அவற்றுள் கொழுப்பு படிகிறது. எழுபதைத் தாண்டியவரின் கொழுப்பு மடிப்பில் கணுக்கள் இருந்தாலும் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படுவது கடினம். இளவயதினருக்குக் கணுக்கள் பருத்து, எதிர்ப்புச் சக்தியின் வேகத்தோடு இருக்கும். உடல் பருமனைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கொழுப்பு மிகுந்த மடிப்பில் தேடுவது சிரமம் என்பது மட்டும் அந்த வேலையைச் செய்யும் எவருக்கும் தெரியும்.

அடுத்தது இடம். வலப்பக்கப் பெருங்குடலை எடுக்கும்போது சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அதன் அகன்ற மடிப்பும் சேர்ந்து வருவதால் கணுக்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. இடப்பக்கத்திலும், மலக்குடலுக்குச் சற்று முன்னால் வளைந்திருக்கும் சிக்மாய்டு பகுதியிலும் பொதுவாக அதைவிடக் குறைவு. எடுத்த குடலின் நீளம் கூடினால் எண்ணிக்கையும் ஓரளவு கூடும்.

மூன்றாவது, கட்டியின் தன்மை. பெரிய கட்டிகளும் சுவரை ஆழமாகத் துளைத்த கட்டிகளும் சுற்றியுள்ள கணுக்களைத் தூண்டிப் பருக்கச் செய்கின்றன. மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்களை இழந்த ஒரு வகைக் கட்டி உண்டு. மருத்துவர்கள் அதை எம்.எஸ்.ஐ. கட்டி என்பார்கள். இது பெரும்பாலும் வலப்பக்கத்தில் வருகிறது, உடலின் எதிர்ப்புச் சக்தியை வலுவாகத் தூண்டுகிறது, ஆகவே கணுக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இந்தக் கட்டிகள் பரவாத நிலையில் இருந்தால் நல்ல முடிவைத் தருபவை. எனவே கணுக்கள் அதிகம் கிடைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால், அதில் அறுவையின் பங்கு எவ்வளவு, அந்த உடலின் எதிர்ப்புச் சக்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனவே 78 வயதுக்காரரின் சிக்மாய்டு கட்டிக்குக் கிடைத்த 9-ஐயும், 35 வயதுக்காரரின் வலப்பக்கக் கட்டிக்குக் கிடைத்த 31-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

அப்படியானால் அறுவை மருத்துவரின் திறமைக்குப் பங்கே இல்லையா?

நிச்சயமாக உண்டு. இரத்தக் குழாயை எந்த இடத்தில் கட்டி வெட்டுகிறார் என்பதே முக்கியம். குடலுக்கு அருகில் கட்டினால் முதல் வரிசைக் கணுக்கள் மட்டும் வரும். குழாய் பிரியும் மூலத்தில் கட்டினால் மூன்று வரிசைகளும் வரும். ஜப்பானிய மருத்துவர்கள் இதை டி1, டி2, டி3 என்று வகைப்படுத்தி, ஆழமாகப் பரவிய கட்டிகளுக்கு டி3 செய்யப் பரிந்துரைக்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஹோகன்பெர்கர் குழுவினர், கொழுப்பு மடிப்பின் உறை கிழியாமல் முழுமையாகப் பிரித்தெடுத்து, குழாயை மூலத்தில் கட்டும் முறையை வகுத்து, 2009இல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். அந்த முறைக்கு மாறிய பிறகு ஐந்து ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நோய் திரும்புவது 6.5 விழுக்காட்டிலிருந்து 3.6 ஆகக் குறைந்ததாகவும், புற்றால் இறக்காமல் இருந்தவர்கள் 82.1 விழுக்காட்டிலிருந்து 89.1 ஆக உயர்ந்ததாகவும் அவர்கள் எழுதினார்கள்.

அந்த எண்கள் உலகெங்கும் பெரும் ஆர்வத்தைக் கிளப்பின. ஆனால் அது ஒரே மையத்தின் பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒப்பிட்ட கணக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்கேன், மருந்து, மயக்கவியல் எல்லாமே முன்னேறியிருந்தன. சீனாவில் வலப்பக்கக் கட்டியுள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, குழாயை மூலத்தில் கட்டும் இந்த விரிந்த முறையையும் வழக்கமான டி2 முறையையும் ஒப்பிட்டு 2024இல் வெளிவந்த முடிவில், நோயின்றி இருந்தவர்களின் விகிதம் மூன்றாண்டு முடிவில் விரிந்த முறைப் பிரிவில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், அதை உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியவில்லை. அறுவையின்போது இரத்தக் குழாய் காயமடைவது அந்த முறையில் கூடுதலாக இருந்தது. ஆகவே எல்லோருக்கும் டி3 தான் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவது இன்றைய சான்றுக்குப் பொருந்தாது. மடிப்பின் உறை கிழியாமல், கட்டிக்கு உரிய குழாயை முறையான உயரத்தில் கட்டி எடுப்பதைத்தான் எல்லா மையங்களிலும் எதிர்பார்க்க வேண்டும்.

இத்தகைய அறுவைகளை அடிக்கடி செய்யும் மருத்துவரிடமும் மருத்துவமனையிலும் கணுக்களின் எண்ணிக்கை பொதுவாகக் கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளின் தரவுகள் காட்டியிருக்கின்றன. "ஆண்டுக்கு எத்தனை பெருங்குடல் புற்று அறுவை செய்கிறீர்கள், டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

லேப்ராஸ்கோப்பி செய்தால் கணுக்கள் குறைவாக வருமா?

வராது. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கும் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்களுக்கும் கிடைத்த கணுக்களின் நடுமதிப்பு ஒன்றே, 12. பழகிய கை என்பதே முக்கியம். கருவியை முன்னிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

அம்மாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டு, இரவோடு இரவாக அறுவை செய்தார்கள். கணுக்கள் சரியாக எடுத்திருப்பார்களா?

நம் பக்கத்தில் இந்த நிலை அடிக்கடி நேர்கிறது. மலத்தில் இரத்தம் போவதை மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து தின்று நாளைக் கடத்தி, வயிறு உப்பி வாந்தி எடுக்கும்போதுதான் பேருந்தோ ஆம்புலன்ஸோ ஏறுகிறார்கள். அவசர அறுவையில் உயிரைக் காப்பாற்றுவது முதல் கடமை. உப்பிய குடல், நீர் வற்றிய உடல், தடுமாறும் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு இடையே குழாயின் மூலம் வரை சென்று பிரிப்பது சில நேரங்களில் ஆபத்தாக இருக்கும், அப்போது எண்ணிக்கை குறையலாம். நோயாளி தாங்குவார் என்றால் அவசரத்திலும் முறையான அறுவையைச் செய்ய முடியும், பலர் செய்கிறார்கள். முதலில் வயிற்றின் மேல் ஒரு திறப்பு (ஸ்டோமா) அமைத்து மலத்தை அதன் வழியே திருப்பிவிட்டு, உடல் தேறிய பின் திட்டமிட்டுப் புற்று அறுவை செய்வதும் ஒரு வழி. எந்த வழியானாலும் என்ன காரணத்துக்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று அறுவைக் குறிப்பில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடைப்போடு வந்தது என்ற ஒரு வரி பின்னால் கீமோ முடிவில் எடை பெறும்.

எடுத்த பின் கணுக்களை யார், எப்படித் தேடுகிறார்கள்?

நோயாளிகள் ஒருபோதும் முகம் பார்க்காத நோய்க்குறியியல் மருத்துவர்தான் தேடுகிறார். எண்ணிக்கை உயர்வதும் தாழ்வதும் பெருமளவு இந்த மேசையில்தான் நடக்கிறது. ஆனாலும் வீட்டார் கேட்கும் கேள்விகளில் இதைப் பற்றியவை மிகக் குறைவு.

அறுவை அறையிலிருந்து வந்த குடல் துண்டை ஃபார்மலின் திரவத்தில் இரவு முழுவதும், தேவைப்பட்டால் இன்னும் ஒரு நாள், ஊறவைக்கிறார்கள். திசு இறுகிய பின் கட்டியின் அளவு, ஆழம், ஓரங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டு, கொழுப்பு மடிப்பைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள கீற்றுகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தி, வெளிச்சத்தில் பார்த்துக் கணுக்களைப் பொறுக்குகிறார்கள். பருத்த கணு உடனே அகப்படும். சிக்கல் கடுகளவுக் கணுக்களில்தான். புற்று பரவிய கணுக்களில் பாதிக்கு மேல் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவையாக இருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரிய கணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு தேடலை முடித்துவிட்டால், பரவலைக் காட்டியிருக்கக்கூடிய கணு கழிவுத் தொட்டிக்குப் போய்விடும்.

இந்தத் தேடலுக்கு நேரம் வேண்டும். ஒரு நாளில் எத்தனை குடல், எத்தனை மார்பகம், எத்தனை கருப்பை மேசைக்கு வருகிறது, அவற்றைப் பார்ப்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அந்த நேரம் கிடைக்கும் அல்லது கிடைக்காது. பயிற்சி மருத்துவர் தேடினாரா, அனுபவசாலி மறுபடி பார்த்தாரா என்பதும் எண்ணிக்கையை மாற்றும். கொழுப்பைக் கரைத்துக் கணுக்களை வெளிக்காட்டும் கரைசல்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர்கள், வெட்டியெடுத்த துண்டின் தமனிக்குள் மெத்திலீன் நீலச் சாயத்தைச் செலுத்தினால் சிறு கணுக்களும் நீலம் பாய்ந்து எளிதில் தென்படுகின்றன என்று 2007 முதல் எழுதிவருகிறார்கள். விலை குறைந்த சாயம், சில நிமிட வேலை. நம் மாவட்ட ஆய்வகங்களில் இது வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் அறுவை நடந்தது. டப்பாவை எங்கள் கையில் கொடுத்து வேலூர் லேபில் கொடுக்கச் சொன்னார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

குடியாத்தம், வாணியம்பாடி, ஆற்காடு, ஆரணி என எல்லாப் பக்கத்திலிருந்தும் இப்படித்தான் டப்பாக்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பயணம் ரிப்போர்ட்டின் தரத்தைப் பாதிக்கக்கூடியது என்பதை யாராவது அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

உடலைவிட்டு வெளியே வந்த குடல் உடனே அழுகத் தொடங்குகிறது. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்த வேகம் இன்னும் கூடும். ஃபார்மலின் ஊடுருவினால்தான் அது நிற்கும். திசுவின் கன அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிறிய டப்பாவில் குடலைத் திணித்து, மேலே கொஞ்சம் திரவம் ஊற்றி அனுப்பினால் உள்பகுதி பதப்படாமல் கெட்டுவிடும், கெட்ட கணுவில் புற்றுச் செல்லை அடையாளம் காண்பது கடினம். டப்பா அகன்ற வாயுள்ளதாக, துண்டு முழுவதும் மூழ்கும்படி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சாதாரண உப்பு நீரிலோ வெறும் பஞ்சிலோ சுற்றிக் கொடுத்தால் ஃபார்மலின் கேளுங்கள்.

இரண்டாவது, துண்டு முழுவதும் போக வேண்டும். செலவு குறையும் என்று கட்டியிலிருந்து சிறு பகுதியை மட்டும் வெட்டி அனுப்பி, மீதியை எறிந்துவிடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. புற்று அறுவையில் இதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. கொழுப்பு மடிப்பு இல்லாமல் வந்த கட்டியில் கணுக்களைத் தேட எதுவுமே இருக்காது. மூன்றாவது, நோயாளியின் பெயர், வயது, கட்டி இருந்த இடம், அறுவையின் பெயர், முன்பே கீமோ கொடுக்கப்பட்டதா என்ற விவரம் எல்லாம் அடங்கிய படிவம் டப்பாவோடு போக வேண்டும். டப்பாவைத் திறக்காமல், வண்டியில் வெயில் படாமல், அன்றே சேர்த்துவிடுங்கள். ஃபார்மலின் நஞ்சு, குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

எண்ணிக்கை 12க்குக் குறைவாக வந்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?

முதல் வேலை, அறுவை மருத்துவரிடம் ஒரு கேள்வி: "மீதியுள்ள திசுவில் மறுபடி தேடச் சொல்ல முடியுமா?" ரிப்போர்ட் வந்த பின்னும் ஆய்வகங்கள் மீதித் திசுவைச் சில வாரங்கள் ஃபார்மலினில் வைத்திருக்கும். அந்தக் காலத்துக்குள் கேட்டால் மறுபடி கொழுப்பைச் சீவித் தேடி, கூடுதலாகக் கிடைத்தால் துணை ரிப்போர்ட் தருவார்கள். நல்ல ஆய்வகங்கள் எண்ணிக்கை குறைந்தால் யாரும் கேட்காமலே இரண்டாம் முறை தேடிவிட்டு, தேடியதை ரிப்போர்ட்டிலேயே குறிப்பிடுகின்றன. இந்தக் கால எல்லையை அறியாமல் இரண்டு மாதம் கழித்து வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ரிப்போர்ட் கையில் வந்த வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை கூடுவதற்காக மறுபடி வயிற்றைத் திறந்து கணுக்களை எடுப்பது வழக்கத்தில் இல்லை, அதனால் நன்மை என்பதற்குச் சான்றும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் வேறொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

மறுபடி தேடியும் 9 தான் என்றால், அது அந்த உடலின் உண்மையான எண்ணாகவே இருக்கலாம். நோய் நிலையை அப்போதும் "பரவவில்லை" என்றே குறிக்கலாம், விதிமுறை அதை அனுமதிக்கிறது. ஐயம் சற்றுக் கூடுதல் என்பதை மனத்தில் கொண்டு அடுத்த முடிவை எடுப்பார்கள்.

கணுவில் பரவவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைவு. கீமோ போட வேண்டுமா?

கணுவில் பரவாத இரண்டாம் நிலையில் பெரும்பாலோருக்குக் கீமோ தரும் பயன் சிறிது. ஆபத்தைக் கூட்டும் அடையாளங்கள் இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். குறைவான கணுக்கள் அந்த அடையாளங்களில் ஒன்று. கட்டி குடல் சுவரைத் தாண்டி வெளிப்பரப்பையோ அடுத்த உறுப்பையோ தொட்டிருப்பது, அடைப்பு, குடல் ஓட்டை, சிறு இரத்த நாளங்களிலும் நிணநீர் நாளங்களிலும் புற்று தென்படுவது, செல்கள் மிகவும் உருக்குலைந்திருப்பது ஆகியவை மற்றவை. இவற்றில் கட்டியின் ஆழமே கூடுதல் எடை கொண்டது. 11 கணுக்கள் என்ற ஒரே காரணத்துக்காக, வேறெந்த ஆபத்தும் இல்லாத 80 வயதுப் பாட்டிக்குக் கீமோ கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முடிவெடுக்கும் முன் எம்.எஸ்.ஐ. பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். அந்த வகைக் கட்டி இரண்டாம் நிலையில் இருந்தால் 5-ஃப்ளூரோயுராசில் மருந்தை மட்டும் கொடுப்பதில் பயன் இல்லை.

கணுக்களில் பரவியிருந்தால் எத்தனை என்பது முக்கியமா?

மிகவும் முக்கியம். ஒரு கணுவிலாவது புற்று இருந்தால் மூன்றாம் நிலை, கீமோ பொதுவாகத் தேவை. ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் என்1, நான்கும் அதற்கு மேலும் என்2, அதிலும் ஏழும் அதற்கு மேலும் இருந்தால் இன்னும் கூடுதல் ஆபத்துள்ள உட்பிரிவு. கணு இல்லாமல் கொழுப்பில் தனியாகப் புற்றுத் திட்டுகள் இருந்தாலும் மூன்றாம் நிலையாகவே கொள்வார்கள்.

ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த மருந்துக் கூட்டை ஆறு மாதம் தருவது 2004 முதல் வழக்கமாயிற்று. 2018இல் ஆறு பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கட்டி மிக ஆழம் போகாமல் என்1 ஆக உள்ளவர்களுக்குக் கேப்பாக்ஸ் என்ற மருந்துக் கூட்டு மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலனைத் தருவதும், விரல்களிலும் பாதங்களிலும் மரத்துப்போகும் தொல்லை வெகுவாகக் குறைவதும் தெரியவந்தது. என்2 என்றாலோ, கட்டி நான்காம் ஆழத்தில் (குடலின் வெளிப்பரப்பையோ அடுத்த உறுப்பையோ தொடும் அளவில்) இருந்தாலோ ஆறு மாதம் பற்றி யோசிக்கிறார்கள். நெசவுத் தறியிலோ தோல் தைக்கும் வேலையிலோ விரல் நுனியை நம்பிப் பிழைப்பவருக்கு மூன்று மாதமா ஆறு மாதமா என்பது வாழ்வாதாரக் கேள்வி. உங்கள் தொழில் என்ன என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிடைத்த மொத்தக் கணுக்களில் பரவியவை எத்தனை பங்கு என்ற விகிதமும் போக்கை ஓரளவு சொல்கிறது. 3/30 என்பதும் 3/6 என்பதும் எண்ணால் ஒன்று, பொருளால் வேறு.

கணுக்கள் அதிகம் எடுத்தால் ஆயுள் கூடும் என்று படித்தோம். உண்மையா?

அதிகக் கணுக்கள் பரிசோதிக்கப்பட்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததைப் பல ஆய்வுகள் காட்டியது உண்மை. நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம், கூடுதலாகத் தேடியதால் மறைந்திருந்த பரவல் தெரியவந்து கீமோ கிடைத்தது என்பது. அந்த விளக்கத்தை 2011இல் வெளியான அமெரிக்கத் தரவு ஆட்டிவிட்டது. 1988–90இல் 12 கணுக்களை எட்டியவர்கள் ஏறத்தாழ 35 விழுக்காடு, 2006–08இல் 74 விழுக்காடு. ஆனால் பரவல் கண்டறியப்பட்டவர்கள் 40 விழுக்காட்டிலிருந்து 42 ஆக மட்டுமே உயர்ந்தார்கள். அப்படியென்றால் எண்ணிக்கைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பில் பெரும்பங்கு எதிர்ப்புச் சக்தி, கட்டியின் வகை, ஒட்டுமொத்த மருத்துவத் தரம் ஆகியவற்றுக்கு உரியது. எண்ணை மட்டும் ஏற்றி ஆயுளை ஏற்ற முடியாது. முறையான அறுவையும் பொறுமையான தேடலும் இருந்தால் எண் தானாக வரும்.

இத்தனை கணுக்களை எடுத்தால் கால் வீங்குமா? எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?

மார்பகப் புற்று அறுவைக்குப் பின் கை வீங்கியவரைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பு. பெருங்குடலின் கணுக்கள் குடலின் நிணநீரை மட்டுமே வாங்குபவை. கால்களின் நிணநீர் வேறு வழியில் போகிறது, அதனால் கால் வீங்காது. உடலில் உள்ள நூற்றுக்கணக்கான கணுக்களில் இருபது முப்பது போவதால் எதிர்ப்புச் சக்தி குன்றாது.

வேறு தொல்லைகள் உண்டு, அரிதாக. பால் போன்ற நிணநீர் வயிற்றுக்குள் கசியலாம், கொழுப்பு குறைந்த உணவால் பெரும்பாலும் அடங்கிவிடும். குழாயின் மூலத்தைச் சுற்றி ஆழமாகப் பிரிக்கும்போது அங்குள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டால் சிலருக்கு நீண்ட நாள் வயிற்றுப்போக்கும், இடப்பக்க அறுவையில் சிறுநீர், தாம்பத்திய உறவு சார்ந்த சிரமங்களும் வரலாம். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும்போது இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சி.டி. ஸ்கேனில் கணுக்கள் பெரிதாக இல்லை என்றார்கள். பிறகு ஏன் எடுக்க வேண்டும்?

ஸ்கேன் அளவைப் பார்க்கிறது, செல்லைப் பார்ப்பதில்லை. சிறு கணுவில் புற்று இருக்கும், பருத்த கணு வெறும் அழற்சியாகவும் இருக்கும்.

கொலோனோஸ்கோப்பியிலேயே பாலிப்பை (குடலின் உள்சுவரில் முளைத்த சிறு சதை வளர்ச்சியை) முழுதாக எடுத்துவிட்டார்கள், அதில் புற்று இருந்தது. மறுபடி அறுவை ஏன்?

சுவரின் இரண்டாம் அடுக்கு வரை மட்டும் ஊன்றிய புற்றிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கணுப் பரவல் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஊன்றியிருந்தாலோ, நாளங்களில் புகுந்திருந்தாலோ, வெட்டிய ஓரம் தெளிவாக இல்லாவிட்டாலோ அந்த வாய்ப்பு கூடும், அப்போது அறுவையைப் பரிந்துரைக்கிறார்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டால் கண்காணிப்பே போதும்.

மலக்குடல் புற்றுக்கும் இதே 12 கணக்கா?

எண் ஒன்றுதான், எதிர்பார்ப்பு வேறு. மலக்குடலுக்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுப்பதால் கணுக்கள் சுருங்கிக் கரைந்துவிடுகின்றன, 12க்குக் குறைவாக வருவது வியப்பல்ல. அங்கே குறைந்த எண்ணை மருந்து நன்றாக வேலை செய்ததன் அடையாளமாகவும் கொள்ள இடமுண்டு. பெருங்குடலிலும் சிலருக்கு இப்போது அறுவைக்கு முன் கீமோவோ, எம்.எஸ்.ஐ. கட்டியானால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தோ தரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டைப் பழைய அளவுகோலால் படிக்கக் கூடாது.

இரண்டாம் கருத்துக்கு எங்கே போவது, எதை எடுத்துப்போவது?

வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 2022இல் திறக்கப்பட்ட அதன் ராணிப்பேட்டை வளாகம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை அருகில் இருக்கின்றன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும், சென்னை அடையாறில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் நிலையமும் உள்ளன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. அட்டை இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கட்டியும் கணுக்களும் மெழுகில் பதித்த பிளாக்குகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிச் செல்ல வேண்டும். அவை இருந்தால்தான் புதிய மையம் தானே பார்த்து உறுதி செய்யவும், எம்.எஸ்.ஐ. பரிசோதனை செய்யவும் முடியும். அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக்கு முந்தைய ஸ்கேனின் சி.டி., கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட் ஆகியவற்றையும் ஒரே பையில் வையுங்கள். பிளாக்குகளை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும். கீமோ தேவை என்றால் அறுவைக்குப் பின் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பதால், இரண்டாம் கருத்துக்கான பயணத்தை முதல் மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.